சர்க்கரைவள்ளி வறுவல் நமுத்துப் போவது ஏன்? – கேள்வி-பதில்

கேள்வி: புது ஏர் ஃபிரையர். சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் குச்சி குச்சியாக நறுக்கி வறுத்தால் நுனி கருகுகிறது, நடுப்பகுதி துவண்டு கிடக்கிறது. மெஷின் பழுதா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: மெஷின் மேல் பழி போடாதீர்கள், கிழங்கின் குணமே அதுதான். உருளைக்கிழங்கைவிட இதில் சர்க்கரை அதிகம். போதாததற்கு, சூடேறும் வழியில், ஏறத்தாழ 60 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள், கிழங்கிலேயே இருக்கும் நொதி ஒன்று மாவுச்சத்தை மால்டோஸ் சர்க்கரையாக உடைத்துக்கொண்டே போகிறது. மொறுமொறுப்புக்கு வேண்டிய மாவு குறைந்து, கருகத் துடிக்கும் சர்க்கரை கூடுகிறது. குறைந்த சூட்டில் நிதானமாக வேகவைத்தால் இனிப்பான, குழைந்த கிழங்குதான் கிடைக்கும்.

அரை கிலோவுக்குக் கணக்கு சொல்கிறேன். தோல் சீவி 7 அல்லது 8 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்குங்கள். இரு முனைகளிலும் கூம்பிப் போகும் பகுதியை ஒதுக்கிவிடுங்கள். உங்கள் ‘நுனி கருகல்’ பாதி அங்கிருந்து வருவதுதான். குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறட்டும். வெட்டுப்பட்ட இடத்தில் ஒட்டியிருக்கும் மாவும் சர்க்கரையும் ஓரளவு கழுவிப் போகும். பிறகு பருத்தித் துணியில் பரப்பி, தொட்டால் கையில் ஈரம் ஒட்டாத அளவுக்குத் துடையுங்கள். அவசரக்காரர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஈரம் இருந்தால் முதல் ஐந்து நிமிடச் சூடு முழுவதும் அந்த நீரை ஆவியாக்கவே செலவாகும். கிழங்கு வறுபடுவதற்குப் பதில் அவியும்.

அடுத்து 1 மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரைத் தூவிக் குலுக்குங்கள். மாவு மெல்லிய படலமாகப் படிந்ததும் 1 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுப் புரட்டுங்கள். எண்ணெய் முதலில், மாவு பிறகு என்றால் மாவு கட்டி கட்டியாகத் திரளும். எண்ணெய் படாத மாவு வெந்த பின்னும் சுண்ணாம்பு போல வெள்ளையாக நிற்கும். உப்பு இப்போது வேண்டாம், அது கிழங்கிலிருந்து நீரை இழுத்து வெளியே விடும்.

மெஷினை 190 டிகிரியில் 4 நிமிடம் காலியாக ஓட்டிவிட்டு, குச்சிகளை ஒரே அடுக்காக, இடைவெளி விட்டுப் பரப்புங்கள். மொத்தம் 12 முதல் 15 நிமிடம். ஏழாவது நிமிடத்தில் திருப்பிப் போடுங்கள். கடைசி மூன்று நிமிடம் அங்கேயே நில்லுங்கள். பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவே இந்தக் கிழங்கு அதிக அவகாசம் தராது. எடுத்தவுடன் கிண்ணத்தில் குவித்தால் தன் ஆவியிலேயே நமுக்கும். கம்பித் தட்டில் இரண்டு நிமிடம் பரப்பி, அப்போது உப்புத் தூவுங்கள்.

இவ்வளவு செய்தும் எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கின் விறைப்பு வராது. வெளியே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே மிருது, அவ்வளவுதான். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கும் விளம்பரத்தை நம்பாதீர்கள். ஆரஞ்சு நிறச் சதை உள்ளதில் பொதுவாக ஈரம் அதிகம். வெளிர் நிறச் சதையில் மாவுப்பாங்கான வகை கிடைத்தால் அது இன்னும் நன்றாக முறுகும்.

கேள்வி: 4 லிட்டர், ‘நான்கு பேர் குடும்பத்துக்கு’ என்று பெட்டியில் போட்டிருந்ததால் வாங்கினேன். இருவருக்கு வறுக்கவே மூன்று ஈடு போட வேண்டியிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாந்தீர்கள், ஆனால் பெட்டியில் பொய் எதுவும் எழுதியிருக்காது. அதுதான் எனக்கு எரிச்சல்.

லிட்டர் என்பது கொள்ளளவு. கூடைக்குள் தண்ணீரா ஊற்றப் போகிறோம்? வறுவலுக்கு வேண்டியது தரைப்பரப்பு. கூடையை ஆழமாக்கினால் லிட்டர் ஏறும், ஆனால் ஒரு குச்சிகூடக் கூடுதலாகப் பிடிக்காது. அளந்து பாருங்கள். அடிப்பாகம் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கூடையின் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். பக்கத்துக்கு 22 சென்டிமீட்டர் உள்ள சதுரக் கூடையில் 484. விட்டத்துக்கும் பக்கத்துக்கும் வித்தியாசம் இரண்டே சென்டிமீட்டர், பரப்போ ஒன்றரை மடங்குக்கு மேல். 8 மில்லிமீட்டர் கனக் குச்சிகளை மூன்றில் ஒரு பங்கு இடைவெளி விட்டு அடுக்கினால் வட்டத்தில் ஏறத்தாழ 170 கிராம், சதுரத்தில் 260 கிராம் கொள்ளும். அரை கிலோவுக்கு முன்னதில் மூன்று ஈடு, பின்னதில் இரண்டு. நீங்கள் மூன்று ஈடு போடுவதில் மர்மம் ஒன்றும் இல்லை.

‘நான்கு பேருக்கு’ என்பதை யார் பசியை வைத்து அளந்தார்கள் என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருப்பதில்லை. வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். கூடையின் அடிப்பாகம் எத்தனை சென்டிமீட்டர்? பல கூடைகள் கீழே போகப் போகக் குறுகும் என்பதால் மேல்வாயை அளந்து சொன்னால் ஏற்காதீர்கள். சொல்லும் லிட்டர் உட்கூடையுடையதா, அது உட்காரும் வெளிப்பாத்திரத்துடையதா? தட்டில் துளைகள் போதுமான அளவு இருக்கின்றனவா? ஏர் ஃபிரையர் என்பது மேலே சுருள் கம்பியும் விசிறியும் வைத்த ஒரு குட்டி ஓவன்தான். காற்று அடியில் போய்த் திரும்ப வழியில்லையென்றால் மேல்பக்கம் மட்டும் சிவக்கும். பன்னிரண்டு வகைச் சமையலுக்குப் பன்னிரண்டு பொத்தான் என்று மயக்குவதெல்லாம் வெப்பம், நேரம் என்ற இரண்டு எண்களுக்குப் பன்னிரண்டு படம் ஒட்டியதுதான்.

மூன்று ஈட்டையும் சூடாகப் பரிமாற ஒரு வழி இருக்கிறது. முதல் இரண்டையும் ஒரு நிமிடம் முன்னதாகவே எடுத்து வையுங்கள். கடைசி ஈடு வெந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி 2 நிமிடம் ஓட்டுங்கள். ஈரம் ஏற்கெனவே போய்விட்டதால் இப்போது குவியலாக இருந்தாலும் பாதகமில்லை.

கேள்வி: கரைத்த மாவில் தோய்த்து அப்படியே ஏர் ஃபிரையரில் போடலாமா?

பதில்: கூடாது. மாவு உறைவதற்குள் துளை வழியே ஒழுகி அடியில் கருகும்.

கேள்வி: ஆன்லைனில் ‘புத்தம் புதியது’ என்று வாங்கினேன். பெட்டியின் ஒட்டு முன்பே கிழிந்திருந்தது. உள்ளே சுருள் கம்பியில் பழுப்பு நிறப் பிசுக்கு. கேட்டால் ‘தொழிற்சாலைச் சோதனையில் வந்தது’ என்கிறார்கள். நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று வீட்டில் என்னையே திட்டுகிறார்கள்.

பதில்: வீட்டாரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். தப்பு உங்களுடையது இல்லை. புது மெஷினை முதல் தடவை ஓட்டும்போது லேசான நெடி வருவது இயல்பு. பழுப்புப் பிசுக்கு அப்படியல்ல. அது சமைத்த எண்ணெய் காய்ந்து படிந்தது; யாரோ உபயோகித்துத் திருப்பிக் கொடுத்ததை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

எதையும் கழுவாதீர்கள், துடைக்காதீர்கள். மின் இணைப்பை எடுத்துவிட்டுக் கம்பியை, கூடையை, கிழிந்த ஒட்டைப் படமெடுங்கள். மெஷினின் அடியில் உள்ள வரிசை எண், பெட்டியில் உள்ள எண், பில்லில் இருந்தால் அந்த எண், எல்லாம் ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப் போகவில்லையென்றால் உங்கள் கை ஓங்கிவிட்டது. புகாரைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில் அனுப்புங்கள். ‘உபயோகித்த பொருளைப் புதியது என்று விற்றிருக்கிறீர்கள், முழுப் பணம் வேண்டும்’ என்ற ஒரே வாக்கியம் போதும். தள்ளுபடிக் கூப்பன் நீட்டினால் வாங்காதீர்கள். சமரசத்துக்குச் சம்மதித்ததாக அவர்கள் வாதிடலாம். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் வரை இழுத்தடிப்பது பழைய தந்திரம், எனவே இன்றே அனுப்புங்கள். அட்டையில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடமும் தகராறு பதியலாம்.

கேள்வி: கூடை முழுக்கப் பிசின் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. எண்ணெய் ஸ்பிரே டின்தான் உபயோகிக்கிறேன். தேய்க்க இரும்பு நார் போதுமா?

பதில்: கையேட்டைப் பிரிக்கவே இல்லை, இல்லையா? பெரும்பாலான கையேடுகளில் இரண்டுக்கும் தடை எழுதியிருக்கும். அழுத்தமூட்டிய டின்களில் எண்ணெயோடு லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும் சேர்த்திருப்பார்கள். சூட்டில் அது இறுகிப் பிசினாகும், நான்ஸ்டிக் பூச்சையும் பாழாக்கும். இரும்பு நார் மிச்சத்தையும் உரித்துவிடும். சூடான சோப்பு நீரில் அரை மணி ஊறவைத்து, சமையல் சோடாவை நீரில் குழைத்துப் பூசி, மென்மையான ஸ்பாஞ்சால் துடையுங்கள். இனிமேல் எண்ணெயைக் கிண்ணத்தில் கிழங்கோடு புரட்டுங்கள், கூடைமேல் அடிக்காதீர்கள்.

கேள்வி: ஒரே அமுக்கில் குச்சி குச்சியாக வெட்டும் கட்டர் வாங்கலாமா?

பதில்: உருளைக்கிழங்குக்கு வேண்டுமானால் வாங்குங்கள். பச்சைச் சர்க்கரைவள்ளி அதைவிடக் கெட்டி, மெல்லிய கம்பி தாங்காது. வளைந்த கம்பியோடு ஒன்று என் பரணிலும் கிடக்கிறது. கனமான கத்திதான் நல்லது. முதலில் ஒரு பக்கம் மெல்லியதாகச் சீவித் தட்டையாக்கினால் கிழங்கு உருளாது.

கேள்வி: வீட்டில் மயோனைஸ் செய்தால் திரிந்து போகிறது. தயிர் டிப் செய்தால் நீர்த்துப் போகிறது. கடைசியில் ‘கொழுப்புக் குறைந்த’ பாட்டில் மயோனைஸே வாங்கிவிட்டேன். அதுவும் வாயில் வழவழ.

பதில்: பாட்டிலைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். அதிக எடையுள்ளதுதான் முதலில் வரும். முதல் பெயர் ‘தண்ணீர்’ என்றிருந்தால், நீங்கள் காசு கொடுத்தது தண்ணீருக்கும் அதைக் கெட்டியாக்கிய மாவுக்கும்.

தயிரை முதலில் வடிக்க வேண்டும். 400 கிராம் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி ஃபிரிட்ஜில் ஐந்தாறு மணி நேரம் வைத்தால் ஏறக்குறைய பாதியாகும். ஒரு பல் பூண்டு நசுக்கியது, 2 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், 1 தேக்கரண்டி எண்ணெய் சேருங்கள். உப்பைப் பரிமாறும்போது மட்டும் போடுங்கள். வெள்ளரி சேர்ப்பவர்கள் துருவி, பிழிந்து சேர்க்கட்டும். கிழங்கே இனிப்பு, அதோடு இனிப்புச் சாஸ் சேர்வது எனக்கு உடன்பாடில்லை. புளிப்பும் காரமுமே இதற்குப் பொருத்தம்.

மயோனைஸ் திரிவது எண்ணெயை அவசரமாக ஊற்றுவதால். ஒரு மஞ்சள் கரு, 1 தேக்கரண்டி கடுகு விழுது, 2 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, 150 மில்லி வாசனையில்லாத எண்ணெய், எல்லாம் அறைச் சூட்டில் இருக்கட்டும். முதல் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் சொட்டுச் சொட்டாக, அது கெட்டிப்பட்ட பிறகு மெல்லிய தாரையாக. திரிந்ததைக் கொட்டாதீர்கள். வேறு கிண்ணத்தில் புது மஞ்சள் கரு ஒன்றை எடுத்து, திரிந்த கலவையைக் கரண்டி கரண்டியாக அதில் அடித்துச் சேர்த்தால் கூடிவரும். பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்ற கிருமியின் அபாயம் உண்டு. கர்ப்பிணிகளுக்கும், சிறு குழந்தைகளுக்கும், முதியவர்களுக்கும் கொடுப்பதானால் பாஸ்ச்சரைஸ் செய்த, அதாவது கிருமி சாக இதமாகச் சூடாக்கிய முட்டையே வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: வாங்கிய கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்கிறேன். வறுத்தால் நடுவில் கட்டை மாதிரி இருக்கிறது.

பதில்: குளிர் தாக்கிய கிழங்கு எவ்வளவு வெந்தாலும் அப்படித்தான். வெளியே, இருட்டான, காற்றாடும் இடத்தில் வையுங்கள்.

கேள்வி: உறைநிலைப் பாக்கெட் வறுவல் மட்டும் எப்படி இவ்வளவு மொறுமொறு?

பதில்: பெரும்பாலும் ஆலையிலேயே மாவுப் பூச்சு கொடுத்து, எண்ணெயில் ஒரு முறை பொரித்துத்தான் உறைய வைக்கிறார்கள். ‘எண்ணெயில் பொரிக்காதது’ என்று நினைத்து வாங்குபவர்கள் பட்டியலைப் படியுங்கள். பனி உருகவிடாமல் நேரே கூடையில் போட வேண்டும்.

கேள்வி: கூடையில் விரிக்கும் காகிதம் புகைந்துவிட்டது. கம்பெனிமேல் வழக்குப் போடலாமா?

பதில்: காலி மெஷினைச் சூடேற்றும்போதே காகிதத்தை உள்ளே வைத்திருப்பீர்கள். விசிறி அதைத் தூக்கிக் கம்பியில் ஒட்டியிருக்கும். வழக்கு நிற்காது. வறுவலுக்குக் காகிதமே தேவையில்லை, அடிக்காற்றை அது அடைக்கிறது.

கேள்வி: மீந்த வறுவலை மைக்ரோவேவில் சுடவைத்தால் தொளதொளக்கிறது.

பதில்: தொளதொளக்கத்தான் செய்யும். ஏர் ஃபிரையரில் 190 டிகிரி, 3 நிமிடம். டிப்பை மேலே ஊற்றி வைத்திருந்தால் அதுவும் உதவாது.