‘குரோஸ்டாய்ச்’: 1848இல் ஒரு பொருள், 1938இல் வேறு பொருள்

கேள்வி: 1848 ஜெர்மன் புரட்சி பற்றிய நூலொன்றை மொழிபெயர்க்கிறேன். அதில் ஃபிராங்க்ஃபர்ட் தேசிய மன்ற உறுப்பினர் ஒருவர் ‘குரோஸ்டாய்ச்’ எனக் குறிக்கப்படுகிறார். இதை ‘அகண்ட ஜெர்மானிய’ என எழுதலாமா? அவரை நாஜிகளின் முன்னோடியாகக் கருத வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். 1848 மே மாதம் ஃபிராங்க்ஃபர்ட்டின் புனித பவுல் தேவாலயத்தில் கூடிய தேசிய மன்றம், சிதறிக் கிடந்த ஜெர்மன் அரசுகளை ஒன்றாக்கும்போது ஆஸ்திரியாவைச் சேர்ப்பதா விலக்குவதா என்று திணறியது. சேர்க்க வேண்டும் என்றவர்கள் ‘குரோஸ்டாய்ச்’. அதை விலக்கிவிட்டுப் பிரஷ்யாவின் தலைமையில் இணையலாம் என்றவர்கள் ‘கிளைன்டாய்ச்’. முதல் தரப்பில் புராட்டஸ்டன்ட் பிரஷ்யாவின் ஆதிக்கத்தை அஞ்சிய கத்தோலிக்கர்களும் இருந்தார்கள், அந்த ஆண்டு நவம்பரில் வியன்னாவில் சுட்டுக் கொல்லப்பட்ட ராபர்ட் புளூம் போன்ற குடியரசுவாதிகளும் இருந்தார்கள். ஆகவே இந்த அடைமொழியை மட்டும் கொண்டு ஒருவரை இடதுசாரி என்றோ வலதுசாரி என்றோ தீர்மானிக்க இயலாது. அதற்காக அக்கொள்கையைக் குற்றமற்றதாகவும் காட்டிவிடக் கூடாது: செக் மக்கள் வாழ்ந்த பொஹீமியாவையும் அது தன் எல்லைக்குள் கணக்கிட்டது, செக் வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கி ஃபிராங்க்ஃபர்ட்டின் அழைப்பை ஏற்க மறுத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

பிரஷ்யாவுடன் நடந்த 1866 போரில் ஆஸ்திரியா தோற்றது. 1871இல் அது இல்லாமலேயே ஜெர்மன் பேரரசு அமைந்தது. ஆயினும் ஆஸ்திரியாவையும் சேர்க்கும் எண்ணம் மறையவில்லை. 1918 நவம்பரில் ஆஸ்திரியாவின் தற்காலிகத் தேசிய மன்றமே தன் நாட்டை ஜெர்மன் குடியரசின் பகுதியாக அறிவித்தது. சமூக ஜனநாயகவாதிகளும் அதை ஆதரித்தார்கள். முதல் உலகப் போரில் வென்ற நாடுகள் ஆஸ்திரியாவுடன் மறு ஆண்டு செய்த செயின்ட்-ஜெர்மைன் ஒப்பந்தம் அதற்குத் தடை போட்டது. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்த பிறகு ‘குரோஸ்டாய்ச்’ என்ற சொல் நாஜி ஆட்சியின் சொத்தாகி, 1943 முதல் அஞ்சல் தலைகளிலும் நாட்டின் பெயராக அச்சேறியது. இன்று வரலாற்று எழுத்துக்கு வெளியே அதைக் கேட்கும் ஜெர்மானியர் நினைவில் எழுவது அந்தக் காலமே.

‘அகண்ட’ என்பது தமிழ் வாசகருக்கு ‘அகண்ட பாரத’த்தை நினைவூட்டி, அண்டை நாடுகளை விழுங்கும் ஆசையை உணர்த்துவதால், 1938க்குப் பிந்தைய பனுவல்களுக்கே பொருந்தும். உங்கள் நூலில் முதன்முறை வரும் இடத்தில் ‘ஆஸ்திரியாவையும் உள்ளடக்கிய ஜெர்மன் ஒற்றுமையை ஆதரித்தவர்’ என விரித்தெழுதி, பின்னர் ‘பெரு-ஜெர்மன் தரப்பினர்’ என்று சுருக்கலாம். எதிர்த்தரப்புக்குச் ‘சிறு-ஜெர்மன்’ என்பது இணையாக நிற்கும். மூல நூல் 1938க்கும் 1945க்கும் இடையில் வெளிவந்ததாக இருந்தால் மட்டும், 1848இன் மனிதர்களை ஆட்சியின் மூதாதையராக ஆக்கும் நோக்கம் ஆசிரியருக்கு இருந்திருக்கலாம் என்பதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.