7 லட்சம் கிலோமீட்டர் ஓடிய பத்துச் சக்கர லாரியை வாங்கலாமா?

2016 மாடல் பத்துச் சக்கர வண்டி நாமக்கல்லில் விலைக்கு வருகிறது, மீட்டரில் 7 லட்சம் இருக்கிறது, இன்ஜின் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

7 லட்சத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வடக்கே நெடுந்தூரம் லோடு அடித்துப் போய்வரும் லைன் வண்டி மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் சாதாரணமாக ஓடும். அந்தக் கணக்கில் இந்த மாடலுக்கு 7 லட்சம் குறைச்சல்தான். மீட்டர் கொஞ்ச நாள் வேலை செய்யாமல் இருந்திருக்கலாம், யாராவது திருப்பியும் இருக்கலாம். ஓனரிடம் ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட் கேளுங்கள். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அதிலிருந்து வண்டி எந்தத் தேதியில் எந்த டோலைத் தாண்டியது என்று வரிசையாக வந்துவிடும். வண்டி லைனில் ஓடியதா, கல் குவாரியில் கிடந்ததா என்பதும் அதிலேயே ஓரளவு தெரியும். குவாரியில் ஓவர்லோடு அடித்த வண்டி 3 லட்சம்தான் ஓடியிருந்தாலும் நான் தொடமாட்டேன்.

இன்ஜினைப் பார்க்க விடியற்காலையிலேயே போங்கள். வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லாமல் போவது நல்லது. போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். குளிர்ந்த இன்ஜின் தடுமாறாமல் எடுக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேலேயே கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தாலோ, புகை குபுகுபுவென வந்தாலோ பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, அதாவது எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிறது; பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடும் உறையான லைனரும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். சூடான பிறகும் நீலப்புகை நிற்கவில்லை என்றால் ஆயில் எரிகிறது. ரேடியேட்டர் மூடியை மட்டும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே திறந்து பாருங்கள், தண்ணீரில் ஆயில் படலம் மிதக்கக் கூடாது.

ரிங் போயிருந்தாலும் அதோடு வண்டி முடிந்துவிடவில்லை. லைனர், பிஸ்டன் மாற்றி இன்ஜின் வேலை செய்துகொள்ளலாம், அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். ஏற்கெனவே இன்ஜினை இறக்கி வேலை பார்த்த வண்டி என்றால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) எத்தனையாவது சைஸில் இருக்கிறது என்று பட்டறையில் விசாரியுங்கள். தேய்மானத்தைச் சரிசெய்ய ஒவ்வொரு முறை கிரைண்டிங் செய்யும்போதும் அதன் தடிமன் கால் மில்லிமீட்டர் கணக்கில் குறையும். கடைசி சைஸுக்கு வந்துவிட்டால் அடுத்த முறை புது கிராங்க்தான். 2016 மாடல் பெரும்பாலும் பிஎஸ்3 (பழைய புகைக் கட்டுப்பாட்டு விதி) என்பதால் புகையைச் சுத்தம் செய்யும் யூரியா டேங்க், சென்சார் தொல்லை இருக்காது. எனக்கு அது பெரிய நிம்மதி.

நான் அதிக நேரம் பார்ப்பது சேஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம். இன்ஜினைச் சரிசெய்யலாம், விரிசல் விட்ட சேஸை முழுசாகச் சரிசெய்ய முடியாது. டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். கேபினுக்குப் பின்பக்கம், பின் ஆக்சில் ஸ்பிரிங் பட்டைகளின் பிராக்கெட் இருக்கும் இடம் இரண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். வெல்டிங் தழும்பு, கூடுதலாக வைத்து அடித்த பிளேட், அங்கே மட்டும் புதுப் பெயின்ட், இதில் எது இருந்தாலும் சந்தேகம்தான். சேஸ் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அப்புறம் லோடோடு ஒரு மேடு ஏற்றிப் பாருங்கள். காலி வண்டியில் கியர் நழுவுவதும் பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்தின் சத்தமும் சரியாகத் தெரியாது. லோடு ஏற்ற மாட்டேன் என்று ஓனர் அடம்பிடித்தால் வேறு வண்டி பாருங்கள், நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் வண்டிக்கா பஞ்சம்? டயர் ஸ்டெப்னியோடு பதினொன்று. அதில் எத்தனை ரீட்ரேட் (பழைய டயரில் மேல் ரப்பர் புதிதாக ஒட்டியது) என்று எண்ணிவிட்டு விலை பேசுங்கள்.

பேப்பர் விஷயத்தில் கடன் பாக்கி இல்லை என்ற ஃபைனான்ஸ் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் இருந்து கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். காலாண்டு வரி, இ-சலான் பாக்கியைப் அரசின் பரிவாஹன் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எட்டு வருஷம் தாண்டியதால் இனி வருஷா வருஷம் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். இந்த மாதிரி மல்டி ஆக்சில் (இரண்டுக்கு மேல் ஆக்சில் உள்ள) வண்டிக்கு 15 வயது வரை நேஷனல் பெர்மிட் கிடைக்கும், ஆக 2031 வரை லைனில் ஓட்டலாம். அதற்குள் போட்ட பணத்தை எடுக்க முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.