பழைய வீடியோ, புது மென்பொருள்: திருகோணமலைக் கேள்விகளுக்குப் பதில்

உப்புவெளியிலிருந்து: அண்ணா, 2003இல எடுத்த அக்காவின்ர கலியாணச் சீடி. உள்ளுக்க ஒரு டாட் (.DAT) ஃபைல்தான் இருக்கு. கொப்பி பண்ணினா பாதியில நிக்குது.

தங்கச்சி, அது விசிடி, அதாவது வீடியோ சீடி. உள்ள இருக்கிறது எம்பெக்-1 என்ற பழைய வீடியோ ஃபோர்மட்; விஎல்சி பிளேயர் இன்றைக்கும் ஓட்டும். பிழை ஃபைலில இல்லை, சீடியில. விசிடியில படம் பதிஞ்ச செக்டர்களில (சீடியின் சின்னத் துண்டுகளில), சாதாரண டேட்டா சீடியில இருக்கிற பிழைதிருத்தத் தரவு கிடையாது. அந்த இடத்தையும் படத்துக்கே குடுத்திட்டாங்கள். கீறல் ஒன்று விழுந்தாலே கொம்பியூட்டர் திணறும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைச்சு, முழுச் சீடியையும் ஐஎஸ்ஓ (.iso) ஃபைலாக இல்லாமல் பின்-கியூ (.bin/.cue) ஃபைலாகக் கொப்பி எடுங்கோ. அசலை அழிக்க வேண்டாம். 352×288 படத்தை "எச்டி ஆக்கித் தாறம்" என்று ஆராவது காசு கேட்டால் சிரிச்சிட்டு வாங்கோ.

கோணேசபுரி வளாக மாணவர்: எஃப்எஃப்எம்பெக்கில இன்டியோ, சினிபாக் எல்லாம் இன்னும் எதுக்கு? தூக்கினால் கோட் குறையுமே?

தம்பி, எஃப்எஃப்எம்பெக் வீடியோக்களை வாசிக்கவும் மாத்தவும் உதவுற இலவச மென்பொருள்; இன்டியோ, சினிபாக் பழைய வீடியோ ஃபோர்மட்டுகள். அப்பிடி ஒரு ஃபோர்மட்டை வாசிக்கிற கோட்தான் டிகோடர். அதை எழுதி முடிஞ்சால் பெரும்பாலும் சும்மா கிடக்கும். உள் ஏபிஐ (மென்பொருளின் பகுதிகள் ஒன்றையொன்று அழைக்கிற முறை) மாறும்போதுதான் வேலை வரும்: ஒவ்வொரு டிகோடரையும் திருத்தி, எஃப்எஃப்எம்பெக்கின் தானியங்கிச் சோதனையான ஃபேட்டில ஓட்டிப் பார்க்கவேணும். மாதிரி ஃபைல் இருந்தால் உடைஞ்சது உடனே தெரியும். மாதிரி இல்லாத டிகோடர்தான் உண்மையான சுமை.

பாதுகாப்புத்தான் மற்றப் பிரச்சினை. இன்டியோவை மைக்ரோசொஃப்ட் 2009இல தன் பிரவுசரிலும் மீடியா பிளேயரிலும் முடக்கினது அதனாலதான். 2025இல கூகுளின் ஏஐ, 1995 லூகாஸ்ஆர்ட்ஸ் விளையாட்டு ஒன்றின் வீடியோவை வாசிக்கிற எஃப்எஃப்எம்பெக் டிகோடரில பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிச்சது. எஃப்எஃப்எம்பெக்கைச் சம்பளமில்லாமல் பார்க்கிற ஆட்களிட்டப் போய் "திருத்து" என்றால் அவங்களுக்குக் கோபம் வராதா? எனக்கும் வந்திருக்கும்.

ஆனால் அதுக்காக அழிக்கிறதில எனக்கு உடன்பாடில்லை. குரோம் 2024இல தியோரா என்ற பழைய வீடியோ ஃபோர்மட்டை நீக்கினது சரி; பிரவுசர் முன்பின் தெரியாதவன் அனுப்பினதையும் திறக்கிற சாமான். ஆவணக் காப்பகத்துக்கு அது பொருந்தாது. உங்கட சேர்வரில எஃப்எஃப்எம்பெக்கைக் கட்டும்போது எல்லாக் கொடெக்கையும் (டிகோடர், என்கோடர்களை) நிறுத்திப்போட்டு, தேவையானதை மட்டும் திறந்து விடுங்கோ. எஃப்எஃப்எம்பெக்கின் மூலத்தில கோட் இருக்கட்டும்.

கிண்ணியாவிலிருந்து: பழைய ஃபோர்மட்டுக்கு என்கோடரும் வேணுமா?

என்கோடர் அந்த ஃபோர்மட்டில புது ஃபைல் எழுதுறது; அநேகமாக வேண்டாம். வாசிக்கத் தெரிஞ்சால் போதும்.

மூதூர் ஸ்டூடியோக்காரர்: மினிடிவி டேப்புகளை எஃப்எஃப்வி1க்கு மாத்தவா?

வேண்டாம் அண்ணை, எஃப்எஃப்வி1 தரம் குறையாமல் சுருக்கிற ஃபோர்மட்; ஃபைல் பெருக்கும், தரம் உயராது. ஃபயர்வயர் கேபிளால, டேப்பில இருக்கிற டிவி (DV) ஃபோர்மட்டாகவே இறக்குங்கோ; ஒரு மணித்தியாலத்துக்கு 13 ஜிபி அளவில வரும். விஎச்எஸ் கசெட்டைப் பதிவுசெய்யத்தான் எஃப்எஃப்வி1 நல்லது. உப்புக்காத்து ஊர், டேப்பில பூஞ்சணம் தெரிஞ்சால் டெக்குக்குள்ள போடாதேங்கோ, ஹெட்டும் போயிடும்.

அதே மாணவர்: சி மொழி அரைகுறையாத்தான் தெரியும். நான் என்ன செய்யலாம்?

திறக்காத ஃபைல் ஒன்று கிடைச்சால், முதல் சில மெகாபைட்டை மட்டும் வெட்டி, எந்தக் கமெரா, என்ன பிழைச் செய்தி என்று எழுதி எஃப்எஃப்எம்பெக்கின் பக் ட்ராக்கரில (பிழை அறிவிக்கிற பக்கத்தில) போடுங்கோ. கலியாண வீடியோ என்றால் முதல்ல வீட்டாரைக் கேளுங்கோ, அந்தத் துண்டு பொதுவில கனகாலம் கிடக்கும்.