காணொளியில் புரிந்த பாடம் ஒரு வாரத்தில் மறந்துபோவது குறித்து

வணக்கம். வகுப்பில் தரப்படும் பாடக் காணொளிகளைத் தங்கள் மகள் மூன்று முறை பார்த்து, புரிந்துவிட்டது என்று சொன்ன பிறகும், அடுத்த வாரத் தேர்வில் எதுவும் நினைவுக்கு வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். குழந்தையின் கவனக்குறைவு இது என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். திரும்பத் திரும்பப் பார்க்கும்போது பாடம் பழகிப்போகிறது. அந்தப் பழக்கத்தையே நாம் புரிதல் என்று எண்ணிவிடுகிறோம். ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினாலும், ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில், அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே தெளிவாக முன்னணியில் இருந்தார்கள்.

ஆகவே குறை காணொளியில் இல்லை, அதைப் பார்க்கும் முறையில்தான்; மகள் காணொளி பார்க்கும் கைக்கணினியைப் பறிக்க வேண்டாம். வேண்டிய இடத்தில் நிறுத்தவும் பின்னோக்கிச் செல்லவும் முடிவது, கரும்பலகை ஒருபோதும் தராத பெரிய வசதி. ஒவ்வொரு கருத்து முடிந்ததும் காணொளியை நிறுத்தி, திரையை மூடிவிட்டு, புரிந்ததைத் தாளில் தம் சொற்களில் எழுதச் சொல்லுங்கள். விடுபட்டதை மட்டும் மீண்டும் பார்க்கட்டும். மறுநாளும், சில நாள் இடைவெளி விட்டு இன்னொரு முறையும், காணொளியைத் திறக்காமலே அதை எழுதிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் தாள் பாதி வெறுமையாக இருக்கும்; அதற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள்.