வலிக்காத பல்லை எடுக்கச் சொன்னால்?

கேள்வி: எனக்கு வயது 47. சில வருடங்களுக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் ரூட் கேனால் செய்து கேப் போட்டிருந்தேன். போன வாரம் முறுக்கு கடித்தபோது கேப் கழன்று வந்துவிட்டது. திரும்ப ஒட்டிக்கொள்ளலாம் என்று போனால், பல்லையே எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். துளி வலிகூட இல்லையே, எதற்காக எடுக்க வேண்டும்? சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். பல்லை எடுத்தால் கண் பார்வை மங்கிவிடும் என்று வீட்டில் வேறு பயமுறுத்துகிறார்கள்.

பதில்: வலி இல்லை என்பதை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ரூட் கேனால் செய்தபோதே பல்லுக்குள் இருந்த நரம்பை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் கேப்புக்கு அடியில் சொத்தை எவ்வளவு பரவினாலும் அந்தப் பல் கூசாது. வேரைச் சுற்றிச் சீழ் கட்டினாலோ ஈறு வீங்கினாலோதான் உங்களுக்குத் தெரியவரும்.

கழன்ற கேப் கையில் இருந்தால் வெளிச்சத்தில் திருப்பி உள்ளே பாருங்கள். சிமென்ட் மட்டும் ஒட்டிக்கொண்டு குழி காலியாக இருந்தால், பிடிமானம் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் சுத்தம் செய்து திரும்ப ஒட்டிவிடலாம். பழுப்பு நிறத்தில், நாற்றமடிக்கும் பல் துண்டு உள்ளே அடைத்துக்கொண்டிருந்தால் கதை வேறு. பல்லே ஈறோடு ஒடிந்து, கேப்புக்குள் உட்கார்ந்து வந்திருக்கிறது. டாக்டர் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

கேப் நிற்பது சிமென்ட்டால் மட்டும் அல்ல. ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது நல்ல பல் சுவர் வேண்டும். உலக்கையின் நுனியைப் பூண் கவ்வுவதுபோல கேப்பின் விளிம்பு அந்தச் சுவரைக் கவ்விப் பிடிக்க வேண்டும். சுவரே இல்லாத வேருக்குள் போஸ்ட் என்ற சிறு கம்பியை இறக்கி, அதன்மேல் கட்டி எழுப்பி, இன்னொரு கேப்பும் போட்டுவிட முடியும். செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கடிக்கும் அழுத்தம் முழுக்க வேரில் இறங்கும். ஒன்று போஸ்ட் பிடுங்கிக்கொண்டு வரும், இல்லையென்றால் வேர் நெடுக்காகப் பிளக்கும். அப்படிப் பிளந்த பல்லை எடுப்பதைத் தவிர பெரும்பாலும் வழியில்லை.

இந்தப் பிளவு எக்ஸ்-ரேயில் தெரியாமல் போவதும் உண்டு. ஈறைச் சுற்றி அளவுக் கம்பியை மெல்ல விட்டுப் பார்ப்போம். எல்லா இடத்திலும் 2, 3 மில்லிமீட்டரில் நிற்கும் கம்பி, ஒரே ஓர் இடத்தில் மட்டும் சரக்கென்று 8, 9 வரை இறங்கினால் பிளவைச் சந்தேகிப்போம். அதனால் எக்ஸ்-ரேயும் எடுக்காமல், கம்பியும் விட்டுப் பார்க்காமல் ஒருவர் எடுக்கச் சொல்லியிருந்தால், ரூட் கேனால் சிகிச்சையில் எம்.டி.எஸ். மேற்படிப்பு முடித்த இன்னொருவரிடம் தயங்காமல் காட்டுங்கள். ஈறையும் எலும்பையும் கொஞ்சம் இறக்கி, பல்லை வெளியே கொண்டுவர முடியுமா என்றும் கேளுங்கள். கடைவாய்ப் பல்லில் வேர்கள் பிரியும் இடம் ஈறுக்குக் கிட்டத்திலேயே இருப்பதால் நிறைய இறக்க முடியாது. "எப்படியாவது காப்பாற்றிவிடலாம்" என்று சொல்பவரிடமும் சுவர் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

எடுக்கத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால் மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். வேர் மேலும் மக்கினால் முழுதாக வராது, துண்டு துண்டாக எடுக்க வேண்டியிருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சீழ் வேகமாகவும் பரவும். தாடை வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமானால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சர்க்கரைக்காரர்கள் பலர் வெறும் வயிற்றில் வந்து நாற்காலியிலேயே மயங்குகிறார்கள். காலை நேரமாகக் கேட்டு வாங்கி, சாப்பிட்டுவிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு போங்கள். கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். இதயத்துக்குச் சாப்பிடுவது ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரை என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு பல் எடுப்பதற்குப் பெரும்பாலும் அதை நிறுத்துவதில்லை. பஞ்சும் தேவைப்பட்டால் ஒரு தையலும் கசிவைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் டாக்டருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கண்ணைப் பற்றிய பயம் வேண்டாம். பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு.

பல் எடுத்தபின் பஞ்சை அரை மணி, முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். அன்று முழுக்கத் துப்பவும் கொப்பளிக்கவும் ஸ்ட்ராவில் உறிஞ்சவும் கூடாது. குழியில் உறைந்த ரத்தம்தான் புண்ணுக்கு மூடி. உப்புத் தண்ணீர் மறுநாளிலிருந்து போதும், அதுவும் மெதுவாக. சிகரெட் பழக்கம் இருந்தால் சில நாளாவது தொடாதீர்கள். குறைந்துகொண்டு வந்த வலி மூன்றாம் நாள் வாக்கில் திடீரென்று ஏறி, வாயும் நாறினால் ரத்த மூடி பெயர்ந்திருக்கலாம். மருந்துக்கடையில் மாத்திரை வாங்காமல் டாக்டரிடமே திரும்பிப் போங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி சீக்கிரமே அடங்கும்.

இடைவெளியை அப்படியே விட்டால் பக்கத்துப் பல் சாயும், மேல் பல் இறங்கும். பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்துக் கட்டும் செயற்கைப் பல் போட, இருபக்கமும் உள்ள நல்ல பற்களைத் தேய்க்க வேண்டும். அதனால் அவை முழுதாக இருந்தால், தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் கட்டும் இம்பிளான்ட் பக்கம்தான் நான் சாய்வேன். உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், அது நிபந்தனை. செலவும் கூடத்தான். எது என்பதைப் பல்லை எடுப்பதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொண்டால், எலும்பு அதிகம் சிதையாமல் எடுக்க டாக்டரும் பார்த்துக்கொள்வார்.