ஓனர் வந்தா இன்னா, வராட்டி இன்னா?

கேள்வி: ஐ.பி.எல். கிரிக்கெட், ஐ.எஸ்.எல். கால்பந்து அணிகளின் உரிமையாளர்கள் ஆரம்ப வருடங்களில் ஒவ்வொரு ஹோம் மேட்சுக்கும் வந்து உட்கார்ந்தார்கள். இப்போது பலரைக் காணவே முடிவதில்லை. இதற்காக ரசிகர்கள் ஏன் இவ்வளவு சண்டை போடுகிறார்கள்? அவர்கள் வருவதும் வராததும் அணியை உண்மையிலேயே பாதிக்குமா?

நான் வியாசர்பாடிக்காரன். வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் முல்லை நகர் கிரவுண்டு. நீங்கள் கேட்கிற இந்தச் சண்டை, மேட்ச் இருக்கிற வாரமெல்லாம் எங்கள் தெருமுனை டீக்கடையில் நடக்கும். போன வாரம்கூட ஒரு தம்பி கேட்டான்: “ஓனர் வந்தா இன்னா, வராட்டி இன்னாண்ணா? அவரா வந்து கோல் போடப் போறாரு?” பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ஒரு காலத்தில் ரயில்வேக்கு ஆடியவர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “பாக்கறதுக்கு ஆளு இருந்தாத்தாண்டா ஆட்டம்” என்றார்.

நான் பெரியவர் கட்சி.

அவர் சொன்னதில் வட சென்னையின் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. இன்றைக்கு அணி என்றால் ஏலம், நட்சத்திரம், ஜெர்சி விற்பனை. எங்கள் அப்பா காலத்தில் அணி என்றால் ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, போர்ட் டிரஸ்ட், கஸ்டம்ஸ் என்று வேலை கொடுக்கிற இடங்கள். நன்றாக ஆடுகிற பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும். லீக் மேட்ச் நடக்கும்போது கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருப்பார்களாம். ஆபீசர் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தால் போதும், பையன்கள் ஓடுகிற ஓட்டமே வேறு மாதிரி ஆகிவிடும் என்பார் அப்பா. அந்த நாற்காலியில் இருப்பவர் “யாருப்பா அந்த லெஃப்ட் பேக்?” என்று ஒரு வார்த்தை கேட்டால், ஒரு வீட்டுக்கு மாதச் சம்பளம் வர வழி பிறந்த மாதிரி. அப்படிக் கரையேறிய குடும்பங்கள் பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் எங்கள் தெருவிலும் இருக்கின்றன. மேட்ச் பார்க்க வருகிற பெரிய மனிதரை நாங்கள் அலங்காரமாக நினைத்ததே இல்லை. அவர் கண்ணில் பட்டால் வாழ்க்கை. அந்தப் பழக்கத்தோடுதான் நேரு ஸ்டேடியத்துக்குப் போனோம்.

2014இல் ஐ.எஸ்.எல். தொடங்கியது. சென்னையின் எஃப்.சி. வந்தது, உரிமையாளர்கள் அபிஷேக் பச்சன், வீட்டா தானி, எம்.எஸ்.தோனி. வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் லோக்கல் ஏறி, பேசின் பிரிட்ஜ் தாண்டி மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கி, பெரியமேடு பக்கம் நடந்தால் ஸ்டேடியம் விளக்கு தெரியும். விளக்கு தெரிந்ததும் நடை தானாக வேகமாகும். அது கால்பந்துக்கு மட்டும் கட்டிய மைதானம் இல்லை, சுற்றிலும் ஓடுதளம் உண்டு. நம் சீட்டுக்கும் ஆட்டக்காரனுக்கும் நடுவே நல்ல தூரம். முகங்கள் சின்னதாகத்தான் தெரியும். இருந்தாலும் நம்மை மாதிரியே நீல ஜெர்சி போட்டுக்கொண்டு எழுந்து நின்று கத்துகிற ஒரு முதலாளியை அவ்வளவு தூரத்திலிருந்தும் அடையாளம் தெரியும்.

அடுத்த வருடம் டிசம்பர் மழை. எங்கள் பக்கம் யாரும் அதை மறக்கவில்லை. வெள்ளத்தால் அரையிறுதியின் ஹோம் மேட்சையே சென்னையில் நடத்த முடியாமல் புனேவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்தோம். டிசம்பர் 20, கோவாவில் ஃபைனல். 87ஆவது நிமிடத்தில் 1-2 என்று பின்னால் போய்விட்டோம். 90ஆவது நிமிடத்தில் கோவா கீப்பர் கட்டிமணி கையிலிருந்து பந்து அவர் வலைக்குள்ளேயே போனது. இன்ஜுரி டைமில் மெண்டோசா அடித்தார், 3-2. வீட்டில் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் காயவில்லை. மெத்தை மொட்டை மாடியில் கிடக்கிறது. நாங்கள் டிவிக்கு முன்னால் குதித்துக்கொண்டிருக்கிறோம். கோவா மைதானத்தில் ஆட்டக்காரர்களோடு சேர்ந்து அபிஷேக் பச்சன் கொண்டாடுவதைக் காட்டினார்கள். கால்பந்தே பார்க்காத எங்கள் அம்மா, “நம்ம பசங்க மாதிரியே குதிக்கிறாருப்பா” என்றார். அந்த வாரத்தில் ‘நம்ம’ என்ற சொல் எங்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை, வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்தச் சண்டை இவ்வளவு உறைக்காது. சேப்பாக்கத்தில் ஓனர் வந்தாரா என்று யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? 2008இலிருந்து அங்கே பார்ப்பதற்குத் தோனி என்று ஒருவர் இருந்தார். ஐ.எஸ்.எல்.லில் கதை வேறு. கோச் மாறுவார், வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒரு சீசன் ஆடிவிட்டு விமானம் ஏறிவிடுவார். மாத்தராட்ஸி கோச்சாக இருந்த 2015 சாம்பியன் அணியையும், ஜான் கிரிகோரி கோச்சாக இருந்த 2017-18 சாம்பியன் அணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜேஜே மாதிரி ஒரு சிலர்தான் இரண்டிலும் இருப்பார்கள். இப்படி முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், போன வருடமும் இருந்தார், இந்த வருடமும் இருக்கிறார் என்று சொல்ல மிஞ்சுவது முதலாளி முகம் ஒன்றுதான். அதுவும் தெரியாமல் போனால், இந்த அணி யாருடையது என்ற கேள்வி ரசிகனுக்கு வராமல் இருக்குமா?

எதிர்க்கட்சி சொல்வதிலும் நியாயம் உண்டு. நட்சத்திர முதலாளி வந்தால் மேட்ச் பாதி அவர் பக்கம் போய்விடுகிறது. ஆரம்ப சீசன் ஒன்றில் எங்கள் வரிசை முழுக்க எழுந்து, செல்போனைத் தூக்கி, வி.ஐ.பி. பாக்ஸ் பக்கம் திரும்பி நின்றது. அந்த நேரம் பார்த்து நம் அணிக்குக் கார்னர். முன்னால் இருந்த பத்து முதுகுகளைத் தாண்டி எனக்கு எதுவுமே தெரியவில்லை. சத்தத்தை வைத்துத்தான் பந்து வெளியே போனது தெரிந்தது. டிவியில் இன்னும் மோசம். 2024 மே 26, ஐ.பி.எல். ஃபைனல் நம் சேப்பாக்கத்தில் நடந்தது. ஹைதராபாத் தோற்றபோது அந்த அணியின் இணை உரிமையாளர் காவ்யா மாறன் கேமராவுக்கு முதுகைக் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆட்டத்தை மறந்துவிட்டு அந்தக் காட்சியைத்தான் நாள் கணக்கில் ஓட்டினார்கள். ஒரு முதலாளி ‘இனி டிவியிலேயே பார்த்துக்கொள்கிறேன்’ என்று முடிவெடுத்தால் நான் தப்பு சொல்ல மாட்டேன். அதே ஃபைனலுக்கு வந்த கொல்கத்தா அணியின் இணை உரிமையாளர் ஷாருக் கான், சில நாள் முன்பு அகமதாபாத்தில் வெயில் தாக்கி ஆஸ்பத்திரியில் படுத்தவர். அப்படியும் எழுந்து வந்தாரே என்பதில் கொல்கத்தா ரசிகனுக்கு இருக்கும் பெருமையும் எனக்குப் புரிகிறது.

டீக்கடைத் தம்பியின் பெரிய ஆயுதம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி. அபுதாபியின் ஷேக் மன்சூர் அந்த கிளப்பை 2008இல் வாங்கினார். 2010 ஆகஸ்டில் லிவர்பூலோடு நடந்த ஹோம் மேட்சுக்கு வந்தார். சிட்டி 3-0 என்று ஜெயித்தது. அடுத்து அவர் தன் அணியின் ஆட்டம் பார்க்க வந்தது 2023 ஜூனில், இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனலுக்கு. நடுவில் ஏழு முறை பிரீமியர் லீக் சாம்பியன். “இப்ப சொல்லுண்ணா!” என்கிறான் தம்பி. சொல்கிறேன். மன்சூர் வரவில்லை. ஆனால் அவர் சார்பில் சேர்மன் கல்தூன் அல் முபாரக் இருந்தார். அவரிடம் சொன்னால் முதலாளியிடம் சொன்ன மாதிரி, அவர் தலையாட்டினால் காரியம் நடக்கும். தன் கண்ணை அங்கே வைத்துவிட்டு ஊரில் இருந்தவர் அவர். நம் ஊரில் முதலாளி வராத நாளில் அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இங்கிலாந்தின் இன்னொரு கிளப், லெஸ்டர் சிட்டி. தாய்லாந்துக்காரர் விச்சாய் ஸ்ரீவத்தனப்பிரபா 2010இல் வாங்கினார். தன் பிறந்தநாளுக்கு ரசிகர்களுக்கு பீரும் டோனட்டும் கொடுத்த மனிதர். 2016இல் யாரும் கனவிலும் நினைக்காத பிரீமியர் லீக் பட்டத்தை அந்த அணி ஜெயித்தது. 2018 அக்டோபர் 27, வெஸ்ட் ஹாமோடு ஹோம் மேட்ச் முடிந்து மைதானத்தின் நடுவிலிருந்து கிளம்பிய அவருடைய ஹெலிகாப்டர் ஸ்டேடியத்துக்கு வெளியிலேயே விழுந்து நொறுங்கியது. இறந்த ஐந்து பேரில் அவரும் ஒருவர். அடுத்த நாள் அந்த வாசலில் மலைபோல் குவிந்த பூக்களையும் ஜெர்சிகளையும் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். பணம் போட்டவருக்காக மட்டும் ஜனம் அப்படி அழாது.

எனக்கு இந்த விஷயம் புரிந்தது ஏழு பேர் ஆடுகிற எங்கள் செவன்ஸ் டீமில்தான். ஏரியாவில் கடை வைத்திருந்த ஒரு அண்ணன் எங்களுக்கு ஸ்பான்சர். என்ட்ரி ஃபீஸ், ஜெர்சி, பந்து எல்லாம் அவர் செலவு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் ஒரு ஹாலோ பிளாக் கல்லைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கையில் மஞ்சள் பை. அதில் எலுமிச்சம்பழம், உப்பு, குளுக்கோஸ் பாக்கெட். ஒரு நாள் ஹாஃப் டைமில் எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கோல் கீப்பர் பையனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “நைனா, ஸ்டட்ஸை இன்னாத்துக்குக் கயித்துல கட்டிக்கினு கீற?” அவன் கால்பந்து ஷூவின் அடிப்பாகம் முன்னால் வாயைத் திறந்திருந்தது. லேஸை அடியில் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டிருந்தான். “பரவால்லணா, புடிக்குது” என்றான். கூடவே ஆடுகிற நாங்கள் ஆறு பேரும் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அவனைப் பெரியமேட்டுக்குக் கூட்டிப்போய்ப் புதுசு வாங்கிக் கொடுத்தார்.

பிறகு அண்ணன் கடையை செங்குன்றம் பக்கம் மாற்றிக்கொண்டு போனார். பணம் நிற்கவில்லை, ஜிபேயில் முன்பைவிடக் கூடுதலாகவே வந்தது. ஜெர்சி புதுசு, பந்து புதுசு, ஒரு குறையும் இல்லை என்று நினைத்தோம். எங்கள் ரைட் விங் பையன் மூன்று ஞாயிறு வரவில்லை. ‘பெரிய ஆளாயிட்டான், வேற டீம் கூப்ட்டுருப்பான்’ என்று பேசிக்கொண்டோம். அவன் அப்பா படுத்த படுக்கை, அவன் இரவில் காசிமேட்டில் மீன் பெட்டி தூக்கப் போகிறான் என்று தெரிய வந்தபோது அவன் ஆட்டத்தையே விட்டிருந்தான். போனில் அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம், “நான் வந்துனு இருந்தா கேட்டிருப்பேன்டா” என்றார்.

கேட்டிருப்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. மைதானத்துக்கு வருவதன் பயன் அதுதான். நாம் அவரைப் பார்ப்பது சந்தோஷம். அவர் நம்மைப் பார்ப்பதில்தான் வேலை நடக்கிறது. பையனின் கிழிந்த ஸ்டட்ஸ், ஸ்டாண்டில் காலியாகிக்கொண்டே வரும் வரிசைகள், தண்ணீர் வராத குழாய், குழந்தையோடு வந்தவர் பாதியில் எழுந்து போவது எல்லாம் வாரா வாரம் வருகிற ரிப்போர்ட்டில் இருக்காது.

2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். லீக்கையே நிறுத்தி வைத்தார்கள். கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் 2010இல் போட்ட 15 வருட ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடிய இருந்தது, அடுத்தது என்ன என்று அப்போது முடிவாகியிருக்கவில்லை. மாதக்கணக்கில் ஹோம் மேட்ச் என்ற ஒன்றே இல்லை. ஆட்டக்காரர் சம்பளம் என்ன ஆகும், நம் அணி இருக்குமா என்று எங்கள் டீக்கடையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த மாதங்களில் மூடிய அறைகளில் கிளப்காரர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். முதலாளி உழைப்பதெல்லாம் ஸ்டேடியத்தில் தெரிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கால்பந்து கிளப் நடத்துவது இங்கே லாபத் தொழிலும் இல்லை. ஆனால் நல்ல காலத்தில் நம்மோடு குதித்த முகம், கெட்ட காலத்தில் பத்து நிமிடம் வந்து “நிலைமை இதுதான்” என்று சொன்னால் ரசிகன் எதையும் தாங்குவான். வதந்தியைத்தான் தாங்க முடியாது.

ஜெர்மனியில் 50+1 என்று ஒரு விதி உண்டு. கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களான ரசிகர்கள் கையில் இருக்க வேண்டும். அங்கே முதலாளி வந்தாரா என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இங்கே அது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. அதனால் சின்னதாகவே கேட்கிறேன். சீசனுக்கு இரண்டு ஹோம் மேட்ச், வி.ஐ.பி. பாக்ஸை விட்டுவிட்டு எங்கள் ஸ்டாண்டில் வந்து உட்காருங்கள். மேட்ச் முடிந்ததும் அரை மணி நேரம், கேமரா இல்லாமல், ரசிகர்களோடு பேசுங்கள். வர முடியாவிட்டால், முடிவெடுக்கிற அதிகாரம் உள்ள ஒருவரை அனுப்புங்கள். அவர் பெயரை முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லுங்கள்.

எங்கள் ஏரியா தனபால் கணேஷ் 2017-18 சாம்பியன் அணியில் இருந்தவர். அவருக்குப் பின்னால் முல்லை நகரில் தினமும் சாயங்காலம் எத்தனையோ பையன்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அரை மணி நேரம் கிடைத்தால் நான் கேட்கப்போகும் முதல் கேள்வியை இப்போதே எழுதிவிடுகிறேன்: இந்த வருஷம் எங்க பசங்கள்ல யார் யாரை டிரையலுக்குக் கூப்ட்டீங்க, சார்?