பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு காரைத் தடவுவது ஏன்?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் ஒருவர் கையில் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு தன் காரைத் தடவிப் பார்க்கிறார். இரவில் டார்ச் அடித்துப் பார்க்கிறார். பார்த்தால் சிரிப்பு வருகிறது. கார் பித்துப் பிடித்தவர்களுக்கு ஏன் இப்படி வேடிக்கையான பழக்கங்கள்?

பதில்: கோவையில் எங்கள் குடியிருப்பில் டார்ச் அடிப்பவன் நான்தான். அதனால் அவர் சார்பில் நானே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் வெள்ளைக் கார் இருக்கும் என்று நினைக்கிறேன். வெள்ளையில் கீறல் எளிதில் கண்ணில் படாது. என்னுடையது கறுப்பு.

கழுவி முடித்த காரை வெறும் கையால் தடவினால் வழவழவென்றுதான் இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள், ரவையைத் தூவி ஒட்டியதுபோல் பொரபொரக்கும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகளும் மரப்பிசினும் பெயிண்டில் அப்படி ஒட்டிக்கிடக்கின்றன. ஷாம்புவுக்கு அவை அசையாது. வழுக்குவதற்கு நீர்மம் தெளித்து, கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டியால் மெதுவாக ஒற்றி இழுத்தால்தான் வரும். டார்ச்சும் அப்படித்தான். குழல்விளக்கில் தெரியாத கீறல் ஒற்றை வெளிச்சத்தில் சிலந்தி வலை போல வட்டவட்டமாகத் தெரிந்துவிடும்.

அவர் கழுவுவதற்கு முன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைப்பதையும் பார்த்திருப்பீர்கள். நான் பெல்ட் கூடப் போடுவதில்லை. கொக்கி உரசும் என்பதால் லுங்கியில்தான் இறங்குவேன். புது மைக்ரோஃபைபர் துணி வாங்கினால் ஓரத்தில் தைத்திருக்கும் சீட்டை முதலில் வெட்டியெறிவேன். தரையில் விழுந்த துணி மறுபடி பெயிண்டைத் தொடாது, அது சக்கரத்துக்குத்தான். இதற்கெல்லாம் காரணம் ஒரு ஆயுத பூஜை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மாமனார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். பூஜைக்கு முந்தைய மாலை இரண்டரை மணி நேரம் செலவழித்துக் காரைக் கழுவி நிறுத்தியிருந்தேன். எதிர்த் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த மண், இரவெல்லாம் அடித்த காற்றில் மாவு சலித்ததுபோல் காரின் மேல் படிந்துவிட்டது. மாமா விடியற்காலை ஐந்து மணிக்கே குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு கீழே போயிருக்கிறார். நான் மாலையோடு இறங்கி வந்தபோது தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, எல்லாம் துடைத்துவிட்டேன். நீங்கள் மாலையைப் போட்டால் போதும்" என்றார். பானட்டில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம், நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம்.

சந்தனத்தால் கேடில்லை, கழுவினால் போய்விடும். கீறியது துண்டு. உலர்ந்த மண்ணின் மேல் உலர்ந்த துணியை வைத்து அழுத்தித் துடைத்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். வெயில் ஏறியதும் பானட் முழுக்கக் கோடுகள். மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் பெண்ணின் வீட்டு வண்டி என்று ஆசையோடு துடைத்த மனிதரிடம் என்ன சொல்வது? இன்றுவரை அவருக்குத் தெரியாது.

தொழிற்சாலையில் அடிக்கும் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மேலே நிறமில்லாமல் பளபளக்கும் அடுக்கு அதில் ஏறக்குறைய 40, 50 மைக்ரான், ஒரு தலைமுடியைவிட மெல்லியது. கீறலை எடுப்பதென்றால் அந்த அடுக்கையே இரண்டு மூன்று மைக்ரான் தேய்த்துக் குறைக்க வேண்டும். அடுத்த சனியும் ஞாயிறும் அந்த வேலைதான். ரப்பர் விளிம்புக்கெல்லாம் டேப் ஒட்டி, இரண்டடிக்கு இரண்டடியாக பாலிஷ் போட்டு, துடைத்து, டார்ச் அடித்து, மறுபடியும் போட்டேன். இதை எத்தனை முறை செய்ய முடியும்? அதனால்தான் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வதிலேயே எங்கள் கவனமெல்லாம்.

மறு ஆண்டு பூஜையில் சந்தனத்தை முன் கண்ணாடியில் வைக்கச் சொன்னேன். எனக்கு பக்தி போதாது என்று யாரும் கிளம்ப வேண்டாம். யாராவது துடைத்துவிட்டாலும் கண்ணாடி எளிதில் கீறாது, பெயிண்டைவிடக் கடினமானது, அவ்வளவுதான். தண்ணீரை வீணாக்குகிறான் என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் அலசும் தண்ணீர். அடியில் சல்லடைத் தட்டு இருப்பதால் மண் கீழே தங்கிவிடும். மொத்தம் முப்பது லிட்டர். குழாயைத் திறந்துவிட்டுப் பீய்ச்சுகிறவர்களைக் கேளுங்கள். பணக்காரத்தனம் என்பவர்களுக்கு, இந்தக் காருக்கு ஏழு ஆண்டுத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. சிறுவாணித் தண்ணீருக்குப் பேர்போன ஊரில் நாங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் குளிக்கிறோம். கடின நீரை மென்மையாக்கும் இயந்திரம் மொட்டைமாடியில் இருக்கிறது, அதற்கு உப்புப் போட ஆளில்லை. நுழைவாயிலுக்கு மட்டும் குடியிருப்புச் சங்கத்தார் வண்ண விளக்கு வாங்கிவிட்டார்கள். என் மனைவியின் தலைமுடி வறண்டு சிக்குப் பிடிக்கிறது, குழாய்கள் வெள்ளை பூத்து அடைத்துக்கொள்கின்றன. மூன்று கூட்டத்தில் எழுந்து பேசிவிட்டேன். "உங்கள் காருக்காகக் கேட்கிறீர்கள்" என்று உட்கார வைக்கிறார்கள். காரில் கறை படியாதிருக்க நான் கடைசி அலசலுக்குக் குடிநீர் கேனில் இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்கிறேன். மற்ற வீடுகள் என்ன செய்யும்?

உங்கள் குடியிருப்புக்காரரைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். அவர் ஊருக்குப் போயிருக்கும்போது காரில் தூசி படிந்திருந்தால் உதவி என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். குழந்தைகள் அதில் விரலால் பெயர் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காக்கை எச்சம் கிடந்தால் மட்டும் அவருக்கு ஒரு போன் செய்யுங்கள். வெயிலில் ஒரு பகல் காய்ந்தாலே அந்த எச்சம் பெயிண்டில் தழும்பு போட்டுவிடும்.